தூத்துக்குடியிலிருந்து நாற்பத்தெட்டு நிமிஷம்

செப்டம்பர் 3, ஞாயிறு

கோயமுத்தூர்ல குடி வந்தாச்சு. காலைல எட்டு மணிக்குப் பால் காய்ச்சினேன். வீட்டுக்காரம்மா சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க, வீட்டைக் கழுவி விட்டுத் தர்றேன்னுதான் சொன்னாங்க. ஞாயித்துக்கெழமை அஞ்சு மணி ராகு காலமாச்சேங்கன்னேன். கழுவாத வீடா இருந்தாலும் பரவாயில்ல, நானே கழுவிக்கறேன்னு காலைலயே வந்து இறங்கிட்டோம்.

விமான நிலையத்துக்குப் பின்னாடி தெரு. ரெண்டு ரூம்பு, ஒரு சமையல்கட்டு. ஆஸ்பத்திரி பத்து நிமிஷம், அதுக்குத்தான் இங்க வந்தது. எங்கூட்டுக்காரருக்கு இதயம் இருபது சதவீதம்தான் வேலை செய்யுதாம். இனி மருந்துல ஆகாது, வேற ஒருத்தரோட இதயத்தை வச்சாத்தான் ஆளு பொழைக்கும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பட்டியல்ல பேரு ஏறியாச்சு. பொள்ளாச்சிக்கு அந்தப்பக்கம் தோட்டத்துல உக்காந்துட்டு, ஃபோன் வந்த பொறகு பஸ் ஏறி வர்றதெல்லாம் நடக்காது, பக்கத்துலயே இருங்கன்னாங்க.

மோகனாதான் இந்த டைரியை வாங்கிக் குடுத்தா. என்ற ஒரே மக, திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ்ல வேலை. "ஆஸ்பத்திரி நோட்டுல அப்பாவோட எடை, தண்ணி அளவெல்லாம் எழுது. உன்ற பொலம்பலை இதுல எழுது. எனக்கு ஃபோன் பண்ணிப் பொலம்பாதே"ங்கறா. கொழுப்பெடுத்தவ.

ஊர்ல இருந்து தினசரி காலண்டரைக் கொண்டு வந்தேன். மாட்ட ஆணி இல்ல. ஜன்னல் கம்பில கயிறு போட்டுக் கட்டியிருக்கேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

உப்பில்லாம அரிசிம்பருப்பு சோறு ஆக்கினேன். இவங்க ஒரு வாய் வச்சுட்டு என் மூஞ்சியைப் பார்த்தாங்க. நானும் அதையேதான் திங்கறேன், என்னையப் பார்க்காதீங்கன்னு சொல்லிட்டேன்.

செப்டம்பர் 9, சனி

ஆஸ்பத்திரில இன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் பள்ளிக்கூடத்துல மாதிரி உக்கார வச்சுச் சொன்னாங்க. சொன்னது ஜெசிந்தா சிஸ்டர். இந்த மாற்று இதயத்துக்கெல்லாம் அவங்கதான் பொறுப்பு. எங்காச்சும் இதயம் கெடச்சா அவங்ககிட்ட இருந்துதான் எங்களுக்கு ஃபோன் வரும். ஒரு உடம்புல இருந்து எடுத்த இதயம் நாலு மணி நேரத்துக்குள்ள அடுத்த உடம்புல ஓடணுமாம், அதுக்கு மேல தாங்காதாம். தூர ஊரா இருந்தா சின்ன விமானம் வாடகைக்குப் புடிச்சுக் கொண்டாருவாங்களாம்.

இவங்க உடனே, "தூத்துக்குடில கெடச்சா எவ்வளவு நேரமுங் ஆகும்?"னு கேட்டாங்க. கேட்க வேற ஊரே கெடைக்கல பாரு! இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினவங்க. பொள்ளாச்சில தேங்காய் மஞ்சி நார் லோடு ஏத்துனா தூத்துக்குடி துறைமுகத்துலதான் போய் எறக்கறது. அவங்களுக்கு ஒலகத்துல எல்லா தூரத்துக்கும் அதுதான் கணக்கு.

வீட்டுக்கு வந்து மோகனாவைக் கேட்டோம். ஃபோன்ல ஒரு எடம் இருக்குது, ரெண்டு ஊரு விமான நிலையத்துப் பேரைப் போட்டா ஆகாயத்துல எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம்னு வந்துரும்னா. போட்டுப் பார்த்தேன். தூத்துக்குடில இருந்து கோயமுத்தூர் இருநூத்தி எழுபத்தெட்டு கிலோமீட்டர், நாப்பத்தெட்டு நிமிஷம்.

"நாப்பத்தெட்டு நிமிசமா!"ன்னு இவங்க எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. "ஏ சாந்தா, எட்டயபுரத்துக்கிட்ட எத்தன வாட்டி தூக்கம் சொக்கி வண்டிய ஓரங்கட்டியிருப்பேன். ஏழு மணி நேரம் முதுகு ஒடிய ஓட்டுன ரோடு புள்ள அது. நாப்பத்தெட்டு நிமிசத்துல பறந்து வந்துருமாக்கும்!" சிரிச்சாங்க. சிரிச்சதுக்கே மூச்சு வாங்கிருச்சு.

பொறகு பொழுதுக்கும் இதே விளையாட்டுதான். இவங்க ஊரைச் சொல்றது, நான் போட்டுப் பார்க்கறது. சேலம் முப்பது நிமிஷம். மதுரை முப்பத்தஞ்சு. திருச்சி முப்பத்தாறு. சோத்துக்கு உலை வைக்கவே மறந்துட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பேப்பர்ல விபத்துச் செய்தியைத் தேடித் தேடிப் படிக்கறேன். மொதல்ல எந்த ஊருன்னு பார்க்கறேன், அப்பறம் வயசைப் பார்க்கறேன். அதுக்கப்பறந்தான் அய்யோங்கறேன். எனக்கே என்னையப் பிடிக்கல. யாரு பெத்த புள்ளையோ போகணும்னு காத்துட்டு உக்காந்திருக்கற பொழப்பு, இது என்ன பொழப்பு?

ஆனா நாளைக்கும் பேப்பர் வாங்கத்தான் போறேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

ஃபோன் வந்துச்சு! காலைல பத்தே முக்காலுக்கு. திருச்சில ஒருத்தராம். ஜெசிந்தா சிஸ்டர் "உடனே வாங்க, ஒண்ணும் சாப்பிடக் குடுக்காதீங்க"ன்னாங்க. அடுப்புல பருப்பு வெந்தது வெந்தபடி கெடக்க, தலைகூட சீவாம ஓடினேன். மயில்சாமி ஆட்டோ தயாரா வந்துருச்சு. எதுத்த சந்துல குடியிருக்கற தம்பி, எந்நேரம் கூப்பிட்டாலும் வர்றேன்னு சொல்லி வச்சிருந்தாரு. சொன்ன மாதிரி அஞ்சு நிமிஷத்துல வந்து நின்னாரு.

இவங்களைக் குளிப்பாட்டி, நெஞ்சு மயிரெல்லாம் வழிச்சு, பச்சைத் துணி போட்டுப் படுக்க வச்சுட்டாங்க. நான் வெளிய உக்காந்து முப்பத்தாறு நிமிஷம், முப்பத்தாறு நிமிஷம்னு சொல்லிட்டே இருந்தேன். வேற சாமி பேரு எதுவும் வாயில வரல.

நாலு மணிக்கு டாக்டர் வந்தாரு. அந்த இதயம் சரியா இல்லீங்கம்மா, வைக்க முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு. வழிச்ச நெஞ்சோட ஆட்டோல கூட்டிட்டு வந்தேன்.

செப்டம்பர் 16, சனி

காலண்டர்ல நேத்துத் தாளைக் கிழிக்கறப்பத்தான் பார்த்தேன். வெள்ளிக்கெழமை பத்தரைல இருந்து பன்னெண்டு ராகு காலம். நாங்க வீட்டை விட்டுக் காலெடுத்து வச்சது பதினொண்ணுக்கு. தலையில அடிச்சுக்கிட்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவங்க நெஞ்சுல மிஷின் வச்சதும் இப்படித்தான். திங்கக்கெழமை காலைல எட்டு மணிக்குக் கூட்டிட்டுப் போனோம், அதுவும் ராகு காலம். அவசரம் அவசரம்னு அப்பவும் நம்மளை விரட்டினாங்க. மிஷின் வச்சும் ஆளு தேறல. ரெண்டு தடவை பட்டாச்சு. இனி மூணாந்தடவைக்கு நான் ஏமாற மாட்டேன்.

இவங்ககிட்டச் சொன்னேன். "டாக்டரு பெருசா, காலண்டரு பெருசா புள்ள?"ன்னு கேட்டாங்க.

"எனக்கு நீங்கதானுங்க பெருசு. அதுக்குத்தான் ரெண்டையும் பார்க்கறேன்"னேன்.

"சரி, உன்ற இஷ்டம்"னுட்டாங்க. எந்தக் காலத்துல என்னைய எதுத்துப் பேசியிருக்காங்க.

செப்டம்பர் 20, புதன்

கால் ரெண்டும் வீங்கிக் கெடக்குது. விரல் வச்சு அழுத்தினா குழி விழுந்து அப்படியே நிக்குது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணிதான் குடுக்கணும். டம்ளர்ல அளந்து அளந்து குடுக்கறேன், ஊமை மாதிரி வாங்கிக் குடிக்கறாங்க. இன்னைக்கு மட்டும், "ஒரே ஒரு எளநி வெட்டித் தாயேன்"னாங்க. நூறு தென்னை மரம் வச்சிருக்கற மனுசன். எளநி ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் சமையல்கட்டுக்குள்ள போய் நின்னுட்டேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

மோகனா வந்தா. அப்பனும் மகளும் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து, மேல போற விமானத்தைப் பார்த்து எந்த ஊருக்குப் போகுதுன்னு பந்தயம் கட்டினாங்க. எல்லாத்துக்கும் இவங்க தூத்துக்குடின்னே சொன்னாங்க. அங்கிருந்து இங்க நேரா வர்ற விமானமே கெடையாதுப்பான்னு அவ சிரிச்சா. "எனக்குன்னு ஒண்ணு வரும் பாரு"ன்னாங்க.

கெளம்பறப்ப அவ "போறேம்மா"ன்னா. போறேன்னு சொல்லாதே, போயிட்டு வர்றேன்னு சொல்லுன்னு எத்தனை வருஷமா சொல்றேன். திரும்பி வந்து, வேணும்னே ராகம் போட்டு "போயிட்டு வர்றேனுங்க சாந்தாமணி அம்மா"ன்னுட்டுப் போறா.

செப்டம்பர் 27, புதன்

தூத்துக்குடில இருந்து வந்துச்சு. இருபத்துநாலு வயசுப் பையனாம்.

போனோம். வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. ஆட்டோ லேட்டு.

செப்டம்பர் 28, வியாழன்

ஒரு பொட்டுத் தூங்கல. எழுதினாலாச்சும் மனசு அடங்குதான்னு பார்க்கறேன்.

ஆஸ்பத்திரிக்குள்ள நாங்க நுழைஞ்சப்ப மணி ஒண்ணு அம்பது. ஜெசிந்தா சிஸ்டர் வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க. "எங்கீங்கம்மா போனீங்க? எத்தனை தடவை கூப்பிட்டேன், ஏன் எடுக்கல? அரை மணி நேரத்துல வந்து கையெழுத்துப் போடணும்னு சொன்னேனில்ல"ன்னாங்க. அடுத்து பட்டியல்ல இருக்கறவரு மதுரை ஆஸ்பத்திரில இருக்காராம், தூத்துக்குடிக்குப் பக்கம். அவருக்குப் போயிருச்சு.

ஃபோன் சத்தம் கேட்கல. சார்ஜ் போட்டு உள்ரூம்புல வச்சிருந்தேன். ரோட்டுல ஒரே நெரிசல், சிக்னல்ல நிக்க வச்சுட்டாங்க. மயில்சாமி வேற லேட்டா வந்தாரு. பத்து நிமிஷத்து வழிக்கு இருபது நிமிஷம் ஆச்சு. நாங்க என்ன பண்ண முடியும்? பெரிய ஆஸ்பத்திரின்னு பேரு, ஒரு சீக்காளிக்காகக் கொஞ்ச நேரம் பொறுக்க மாட்டாங்களா? கெரகம் புடிச்சவங்க.

மோகனாவுக்கு ஃபோன் பண்ணி ஆட்டோக்காரன் லேட்டுன்னு சொன்னேன். அவ கத்தினா. அந்தாளை நான் சும்மா விட மாட்டேன், நாளைக்கழிச்சு வர்றேன்னா.

இவங்க உப்பில்லாத சோத்தை ஒரு பருக்கை விடாம சாப்பிட்டாங்க.

செப்டம்பர் 30, சனி

மோகனா வந்ததும் வராததுமா நேரா எதுத்த சந்துக்குப் போனா. நான் வேண்டாங் கண்ணு, விடுன்னு பின்னாடியே போனேன். கேட்கல. அஞ்சு நிமிஷத்துல மயில்சாமியே எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. மூஞ்செல்லாம் செவந்திருந்துச்சு.

"அக்கா, நான் லேட்டா வந்தேன்னு சொன்னீங்களாமே? பன்னெண்டேகாலுக்கு இதே எடத்துல வண்டியப் போட்டுட்டு நிக்கலியா நானு? நீங்கதானே 'ஒன்றரைக்கு வா தம்பி'ன்னு திருப்பி அனுப்பினீங்க? தெருவே பார்த்துச்சுக்கா. வேணும்னா கேளுங்க. எங்கம்மா செத்தப்பக்கூட சவாரிக்கு லேட்டுன்னு ஒருத்தர் என்னையச் சொன்னதில்ல."

மோகனா என்னையப் பார்த்தா. "அம்மா? ஒன்றரைக்கு எதுக்கு வரச் சொன்னே?"

அப்ப இவங்க உள்ள கட்டில்ல இருந்து சத்தமா கூப்பிட்டாங்க. அவ்வளவு சத்தமா பேசி நாளாச்சு. "கண்ணு, இங்க வா. மயில்சாமி சொல்றது நெசந்தான். அவரு நேரத்துக்கு வந்துட்டாரு. எனக்குத்தான் எந்திரிச்சதும் தல சுத்தி, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. கொஞ்சம் படுத்துட்டு வர்றேன்னு நாந்தான் படுத்துட்டேன். அதான் உங்கம்மா அவரை அப்பறம் வரச் சொன்னா. அவளுக்கென்ன தெரியும் பாவம், பதறிப் போய் ஆட்டோவைச் சொல்லிட்டா."

மோகனா கட்டில் ஓரத்துல உக்காந்துட்டா. "ஏனுங்கப்பா, படுத்தபடியே தூக்கிட்டாச்சும் போயிருக்கலாமில்ல?"ன்னு அழுதா. இவங்க அவ தலையத் தடவிக் குடுத்துட்டே இருந்தாங்க.

மயில்சாமி தலையக் குனிஞ்சுட்டுப் போயிட்டாரு.

அக்டோபர் 1, ஞாயிறு

மோகனா திருப்பூருக்குப் போன பொறகு கேட்டேன். எதுக்குங்க அப்படிச் சொன்னீங்கன்னு.

"எனக்கு இனி எத்தன நாளோ. நான் போன பொறகு உனக்கு அவதான், அவளுக்கு நீதான். உம்மேல அவளுக்கு ஒரு கசப்பு வந்துரக்கூடாது சாந்தா. எம்மேல வந்தா என்ன, நான் இருக்கப் போறதில்ல"ன்னாங்க.

அப்படியெல்லாம் பேசாதீங்க, அடுத்த ஃபோன் வரும்னேன். "வரும் வரும்"னாங்க, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி.

அக்டோபர் 3, செவ்வாய்

நான் மட்டும் என்ன தெரிஞ்சா பண்ணினேன்? நாலு மணி நேரம் தாங்கும்னு சொன்னது அவங்க. நாப்பத்தெட்டு நிமிஷம்னு ஃபோன்ல போட்டிருந்தது. நாலு மணில நாப்பத்தெட்டு நிமிஷம் போனா மூணு மணி நேரத்துக்கு மேல மிச்சம் இருக்குதேன்னு எந்தப் பொம்பளைக்கும் தோணும். ஒன்றரை மணி நேரம் பொறுத்தா என்ன குடி முழுகிப் போகும்னு நெனச்சேன்.

இன்னைக்கு மருந்து வாங்கப் போனப்ப ஜெசிந்தா சிஸ்டர் உக்கார வச்சு வெவரமா சொன்னாங்க. நாம கையெழுத்துப் போட்ட பொறகுதான் விமானம் இங்கிருந்து டாக்டருங்களை ஏத்திட்டுக் கெளம்புமாம். அங்க போக ஒரு நாப்பத்தெட்டு. அங்க ஆபரேஷன் பண்ணி எடுக்க ரெண்டரை, மூணு மணி நேரம். திரும்பி வர இன்னொரு நாப்பத்தெட்டு. அந்தச் சின்ன விமானம் இருட்டறதுக்குள்ள அங்கிருந்து எழும்பியாகணுமாம். ஒரு மணிக்கு இங்கிருந்து கெளம்பியிருந்தா எல்லாம் சரியா இருந்திருக்குங்கம்மான்னாங்க.

போறதுக்கும் ஒரு நேரம் ஆகும்னு எனக்குத் தோணவே இல்ல. வர்றதை மட்டுந்தான் கணக்குப் பண்ணினேன். இருபத்தாறு வருஷம் லோடு ஏத்திட்டுப் போனவருக்குப் பொண்டாட்டியா இருந்துட்டு, போறதை விட்டுட்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

மதுரைக்காரர் நல்லா இருக்காராம். எந்திரிச்சு உக்காந்து இட்லி சாப்பிட்டாராம். ஆஸ்பத்திரில யாரோ பேசிக்கிட்டாங்க. நல்லா இருக்கட்டும். அவருக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா.

அந்தப் பொம்பளை காலண்டர் பார்க்க மாட்டாளோ என்னமோ.

அக்டோபர் 8, ஞாயிறு

எடை நாலு கிலோ ஏறியிருக்குது, எல்லாம் தண்ணி. ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்க. நேரம் ஒண்ணும் பார்க்கல. ஜன்னல்ல அந்தச் சனியன் தொங்கிட்டு இருந்துச்சு, அந்தப் பக்கமே திரும்பாம கூட்டிட்டுப் போனேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

மூச்சுக் கொழாய் வச்சிருக்காங்க, பேச முடியல. கையால சைகை பண்ணினாங்க. ஃபோனைக் காட்டினாங்க. அந்த விளையாட்டுதான். எந்த ஊருங்கன்னேன். என் உள்ளங்கையில விரலால எழுதினாங்க. பொள்ளாச்சி.

அங்க விமான நிலையம் இல்லீங்களேன்னு சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டாங்க.

அக்டோபர் 12, வியாழன்

இவங்க போயிட்டாங்க. காலைல விடிஞ்சும் விடியாம.

அக்டோபர் 14, சனி

வியாழக்கெழமை மத்தியானமே ஊருக்குக் கொண்டாந்துட்டோம். வாசல்ல பந்தல் போட்டுக் கெடத்தியிருந்தாங்க. ஒறம்பரை சனமெல்லாம் வந்தாச்சு, குளிப்பாட்டியும் ஆச்சு. எடுக்கலாம்னு எந்திரிச்சப்ப இவங்க அண்ணன் நாச்சிமுத்து மாமா கையை நீட்டி நிறுத்தினாரு. "வியாழக்கெழமை ஒன்றரை டு மூணு ராகு காலம். மூணுக்கு மேல எடுங்கப்பா."

எல்லாரும் திரும்ப உக்காந்துட்டாங்க. காப்பி வந்துச்சு. ஒன்றரை மணி நேரம், யாருக்கும் ஒரு அவசரம் இல்ல. நான் இவங்க தலைமாட்டுல உக்காந்து மொகத்தையே பார்த்துட்டு இருந்தேன். எனக்கு எந்திரிச்சு அந்தப் பந்தலைப் பிடுங்கி எறியணும் போல இருந்துச்சு.

பொம்பளைங்க என்னையச் சுத்தி உக்காந்து பேசினாங்க. "இதயம் கெடச்சுதாமே, கெளம்பற நேரம் பார்த்தா தல சுத்தணும்? குடுத்து வைக்காத மனுசன்"னாங்க. மோகனா சொல்லியிருக்கா. "ஆமாங்க பெரியம்மா, அப்பா மட்டும் அன்னைக்குப் படுக்காம இருந்திருந்தா"ன்னு என்ற பக்கத்துல உக்காந்தே மறுபடியும் சொன்னா. எல்லாரும் என்னையப் பார்த்தாங்க.

நான் ஆமான்னு தலையாட்டினேன். அவங்க அங்க கெடக்கறாங்க. அவங்க எதுக்கால உக்காந்து ஆமான்னு தலையாட்டினேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

காரியமெல்லாம் முடிஞ்சுது. கோயமுத்தூர் வீட்டைக் காலி பண்ணியாச்சு. சாமான் ஏத்த மயில்சாமியும் வந்தாரு, நான் கூப்பிடாமயே. கட்டிலைத் தூக்கறப்ப, "அண்ணன் அன்னைக்கு எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு எனக்குத் தெரியுங்க்கா. நான் யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னாரு.

அவரு திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நவம்பர் 15, புதன்

மோகனாவுக்குப் பெங்களூர்ல வேலை கெடச்சிருக்குது. திருப்பூரை விட சம்பளம் அதிகம். என்னையும் தை மாசத்துக்கு மேல கூட்டிட்டுப் போறேன், ஒரு வீடு பார்க்கறேன்னு சொல்லிட்டே இருந்தா. ராத்திரியெல்லாம் என்னையக் கட்டிப் பிடிச்சுட்டுத்தான் படுத்தா. அப்பாதான் போயிட்டாங்க, எனக்கு நீயாச்சும் இருக்கியேன்னா.

இன்னைக்குக் கோயமுத்தூர்ல ரெண்டே முக்காலுக்கு ரயிலு. இங்கிருந்து பன்னெண்டேகாலுக்குப் பஸ் ஏறினாத்தான் ஆகும். பன்னெண்டுக்கே சாப்பிட்டுட்டா. நான் தயிர்சோறு கட்டிக் குடுத்துட்டு, "கெளம்பு கண்ணு, நேரமாச்சு"ன்னேன்.

அவ காலண்டரைப் பார்த்தா. "புதன் பன்னெண்டு டு ஒன்றரை ராகு காலமில்லம்மா? முடியட்டும். ரயிலு போனா போகட்டும், சாயங்காலம் பஸ்ல போயிக்கறேன். அப்பா போனதுல இருந்து நீ காலண்டரையே பார்க்கறதில்ல, நானாச்சும் பார்க்கறேன். உனக்கு நிம்மதியா இருக்குமில்ல." இப்படிச் சொல்லிட்டு நாற்காலியில உக்காந்தா. கால்ல செருப்பு, மடியில பை.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. "எந்திரி! இப்படி உக்காராதே. பையை மடில வச்சுட்டு இப்படி உக்காராதே. உங்கப்பா இப்படித்தான் சட்டையைப் போட்டு, செருப்பை மாட்டி, ஆஸ்பத்திரி ஃபைலை மடில வச்சுட்டு, போலாமா சாந்தா, போலாமா சாந்தான்னு"

வாயைப் பொத்திக்கிட்டேன். பொத்தி என்ன பண்ண.

"எப்ப?"ன்னு கேட்டா மோகனா.

நான் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, எப்ப அப்பா உக்காந்திருந்தாங்க? அப்பா தல சுத்திப் படுத்திருந்தாங்கன்னுதானே சொன்னாங்க?"

அவ திரும்பி மறுபடியும் காலண்டரைப் பார்த்தா. புதன். பொறகு மணியைப் பார்த்தா. மூஞ்சில இருந்த ரத்தமெல்லாம் எறங்கிப் போச்சு. அவ படிச்ச புள்ள, கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்.

"எத்தன தடவை கேட்டாங்க?"

"மூணு தடவை"ன்னேன். பொய் சொல்ல வரல. "மூணாந்தடவை கேட்டப்ப, சும்மா இருங்க, எல்லாம் எனக்குத் தெரியும்னு அதட்டினேன். அதுக்கப்பறம் கேட்கல. ஃபோன் அடிச்சுட்டே இருந்துச்சு, எடுத்துட்டுப் போய் உள்ரூம்புல வச்சேன். உங்கப்பா பார்த்துட்டே இருந்தாங்க."

அடிப்பான்னு நெனச்சேன். கத்துவான்னு நெனச்சேன். அவ எந்திரிச்சுப் பையைத் தோள்ல மாட்டினா. தயிர்சோத்து டப்பாவை எடுத்து மேஜை மேல வச்சா. அப்பா படத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னா. படியிறங்கிப் போயிட்டா.

போயிட்டு வர்றேன்னு சொல்லல. போறேன்னுகூடச் சொல்லல. ஒன்றரை ஆகற வரைக்கும் நான் அந்த நாற்காலியிலேயே உக்காந்திருந்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

பெங்களூருக்கும் போட்டுப் பார்த்தேன். கோயமுத்தூர்ல இருந்து இருநூத்தி அம்பத்திரண்டு கிலோமீட்டர், நாப்பத்தஞ்சு நிமிஷம். ஃபோன் அடிக்குது, அவ எடுக்கறதில்ல.